முதுவீரரை ஏற்றல் தகுமோ?

ஒரு விளையாட்டுக் குழுவை அமைக்கப் புகுந்தார்க்கு எழும் வினாக்கள் பல. அவற்றுள் விடுத்தற்கு அரியது ஒன்றுண்டு. ஆற்றலிற் சிறந்தவர், பல களங் கண்டவர், நாடறிந்த பெயருடையவர், ஆயினும் அவருடைய உடல் நிலையோ, வயதோ, ஒழுகலாறோ ஐயத்திற்கு இடந்தருகின்றது. இத்தகைய முதுவீரர் ஒருவரை நம் குழுவிற் சேர்த்துக்கொள்ளலாமா, ஆகாதா என்பதே அவ்வினா. சேர்ப்பின் கோப்பை கிட்டலாம். சேர்த்தபின் அவர் தளர்வராயின் பொருளும் காலமும் இளைஞர்தம் ஊக்கமும் ஒருங்கே கெடலாம். விடுத்தாலோ, அவர் எதிர்க்கட்சியிற் புகுந்து நம்மையே வெல்லலுங் கூடும்.

அமெரிக்க நாட்டுக் கூடைப்பந்துக் குழுக்கள் ஆண்டுதோறும் இவ்வினாவை எதிர்கொள்கின்றன. ஆங்கு ஒரு குழு தன் வீரரைக் கொடுத்து மற்றொரு குழுவின் வீரரைப் பெறுவது வழக்கம். நம் நாட்டிலோ, 2014-ஆம் ஆண்டிற் பிரோ கபடி லீக் தொடங்கிய நாள்முதல் கபடியாட்டத்திலும் இதே வினா ஏலக் கூடத்தில் எழுந்துவருகின்றது. ஏலமும் கோடிப் பணமும் இல்லாத விடத்தும் இவ்வினா இல்லாமலில்லை. அரியலூர் மாவட்டத்து ஆலத்தியூர் போன்ற ஊர்களிற் பொங்கற் பந்தயம் நெருங்குங்காலத்து, 'வெளியூரிலிருந்து பெயர்பெற்ற ஆட்டக்காரர் ஒருவரை அழைப்போமா, நம்மூர்ப் பையனையே இறக்குவோமா?' என்று இளைஞர் கூடிப் பேசுவது யான் பிறந்த மண்ணில் ஆண்டுதோறுங் கேட்கும் பேச்சேயாகும். ஆதலின் இதனைச் சிறிது ஆராய்தல் நம் கல்லூரி மாணவர்க்கும் பயன்படுமென்று நம்புகின்றேன்.

முதற்கண், சடுகுடுவாகிய கபடியின் அமைப்பை நோக்குவோம். ஒரு கட்சிக்கு எழுவர் களத்தில் நிற்பர். இருபது நிமிடங் கொண்ட இரு பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். பாடிச் செல்வோர் முப்பது விநாடிக்குள் எதிர்க்களத்திற் புகுந்து தொட்டு மீளல் வேண்டும். பிடிபட்டால் அவர் களத்தை விட்டு வெளியே அமர்வர். அவர் மீண்டு வருதற்கு அவருடைய கட்சியார் எதிரிகளுள் ஒருவரை வெளியேற்றுதல் வேண்டும். இந்த விதி ஈண்டுக் கூர்ந்து நோக்கற்பாலது. கூடைப்பந்தில் ஐவருள் தலைசிறந்த ஒருவர் ஒருமுறை பிழைத்தாலும் களத்திலேயே நின்று அடுத்த நொடியில் அதனை ஈடுசெய்யலாம். கபடியிலோ தலைசிறந்தவர் ஒருமுறை பிடிபட்டாரெனின், பிறர் மீட்குமளவும் வெளியிலேயே அமர்ந்திருப்பர். ஆகவே, எதிர்க்கட்சியார் தம் முழு முயற்சியையும் அவ்வொருவரைப் பிடித்து வெளியே இருத்துவதிற் செலுத்துவர். மீட்கவல்ல இரண்டாமவர் இல்லாத கட்சி, தன் தலைவரின் ஆற்றலைப் பெற்றும் பெறாததேயாகும்.

இனி, ஐயம் என்பது ஒருவகைத்தன்று. அது மூவகைப்படும். ஒன்று உடலைப் பற்றியது. முன்னர்க் காயமுற்ற முழங்கால் மீண்டுந் தாங்குமா என்பது அதன்பாற் படும். மற்றொன்று வயதைப் பற்றியது. கண்ணும் கையும் நுட்பம் பெற்றிருப்பினும் விரைவு குறைந்திருக்கலாம். மூன்றாவது இயைபைப் பற்றியது. புதிய குழுவின் ஒழுங்குக்கும் பயிற்சியாளரின் முறைக்கும் அவர் பொருந்துவரா என்பதே அது. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பி, 'அவர் கிழவர். வேண்டா' என்றோ, 'அவர் பெரியவர். வேண்டும்' என்றோ கூறிவிடுதல் ஆராய்ச்சியாகாது.

தமிழ்நாட்டின் பெயர் தாங்கிய தமிழ் தலைவாஸ் குழுவின் வரலாறு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். இக்குழு 2017-ஆம் ஆண்டு ஐந்தாம் பருவத்திற் புகுந்தது. 2016-ல் ஆமதாபாத்தில் நிகழ்ந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஈரானை வெல்ல முன்னின்ற அஜய் தாக்குர் இதற்குத் தலைவரானார். பின்னர்ப் பிடிப்பதில் ஒப்பற்றவரெனப் புகழ்பெற்ற மஞ்சீத் சில்லர் வந்து சேர்ந்தார். 2019-ல் ராகுல் சௌதரியை 94 லட்ச ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தனர். மூவரும் பெரும்புகழ் வாய்ந்தோர். அப்பருவம் முடிந்தபோதோ, பன்னிரண்டு குழுக்களுள் தமிழ் தலைவாஸ் கடைசியில் நின்றது. புகழ்களைக் கூட்டினால் குழுவாகிவிடாது என்பதை அப்பருவம் தெளிவாக்கிற்று.

2022-ஆம் ஆண்டு வினா இன்னுங் கூர்மையாயிற்று. பவன் செராவத் என்பார் அக்காலத்தில் பாடிச் செல்வோருள் முதல்வராக எண்ணப்பெற்றவர். பெங்களூரு புல்ஸ் குழுவிற்கு ஆறாம் பருவத்திற் கோப்பை பெற்றுத்தந்தவர். 2019-ல் அரியானா குழுவுடன் ஆடிய ஒரே ஆட்டத்திற் பாடிச் சென்று 39 புள்ளிகள் ஈட்டியவர். இவரைத் தமிழ் தலைவாஸ் குழுவினர் 2 கோடியே 26 லட்ச ரூபாய் கொடுத்துப் பெற்றனர். அதுவரை எவ்வீரர்க்கும் அத்துணைப் பணம் கொடுக்கப்படவில்லை. ஒவ்வொரு குழுவும் அவ்வாண்டு வீரர்க்கெனச் செலவிடக்கூடிய மொத்தத் தொகை 4 கோடியே 40 லட்சமேயாம். பாதிக்கு மேற்பட்ட பொருள் ஒருவர்மேற் போயிற்று. எஞ்சிய அனைவர்க்கும் மிச்சமிருந்தது பாதிக்குங் குறைவே.

நிகழ்ந்தது யாது? அக்டோபர் மாதத்திற் குஜராத் குழுவுடன் ஆடிய முதல் ஆட்டத்திலேயே பவன் முழங்காலிற் காயமுற்றார். அப்பருவம் முழுதும் அவர் மீண்டும் களமிறங்கவில்லை. குழு அழிந்துவிடும் என்றே பலரும் எண்ணினர். இடையிற் பயிற்சியாளரும் மாறி, அஷன் குமார் பொறுப்பேற்றார். பிடிப்பதில் வல்ல இளைஞர் சாகர் குழுவைத் தலைமை தாங்கினார். முதன்முறையாக இந்த லீகில் ஆடப்புகுந்த நரேந்தர் என்னும் இளைஞர், பவன் நின்றிருக்கவேண்டிய இடத்தில் நின்று, 240-க்கு மேற்பட்ட புள்ளிகளைப் பாடிச் சென்றே ஈட்டினார். முதன்முறையாக அக்குழு அடுத்த சுற்றுக்குச் சென்று, உத்தரப் பிரதேசக் குழுவை வென்று, அரையிறுதியில் புனே குழுவிடம் 39-க்கு 37 என்ற கணக்கில், இரண்டே புள்ளியில் தோற்றது. புகழ்வீரர் பலர் இருந்த 2019-ல் எட்டாத நிலையைப் புகழ்வீரர் வீழ்ந்த 2022-ல் எட்டியது வியப்பன்றோ?

இதனைக் கொண்டு, 'பவன் இல்லாமையே நன்மையாயிற்று' என்று முடிவுகட்டுதல் பிழையாகும். அவர் நலமாக நின்றிருப்பின் அவ்விரு புள்ளிகளும் கிடைத்திருக்கலாம், யாரறிவார்? நாம் கொள்ளத்தக்க பாடம் வேறு. ஒருவர் வீழ்ந்த பின்னும் குழு நின்றதற்குக் காரணம், சாகர் முதலிய பிடிப்போர் முன்னரே பழகியிருந்தமையும், நரேந்தர் போன்றோர் இருப்பில் இருந்தமையுமேயாம். முதுவீரரை ஏற்பதாற் குழுவுக்கு இடர் நேருமா என்னும் வினாவிற்கு விடை, அம்முதுவீரரிடத்து உள்ளதினும் ஏனைய அறுவரிடத்தே மிகுதியாக உள்ளது.

இதன் மறுபக்கத்தை மறுவாண்டே காண்கின்றோம். 2023-ல் பவனைத் தெலுகு டைட்டன்ஸ் குழுவினர் 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தனர். அவ்வாண்டுச் செலவெல்லை 5 கோடி. அவ்வாண்டு ஹாங்சோ நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டில் இந்தியக் குழுவுக்குத் தலைமை பூண்டு தங்கம் வென்று வந்தவர் அவர். அப்பருவத்தில் 200 புள்ளிகளுக்கு மேல் ஈட்டினார். உடலைப் பற்றிய ஐயம் பொய்த்தது. ஆயினும் அவருடைய குழு 22 ஆட்டங்களுள் இரண்டே வென்று கடைசியில் நின்றது. காயமுற்ற வீரரைக் கொண்ட குழு அரையிறுதி சென்றது. நலமுற்ற அதே வீரரைக் கொண்ட மற்றொரு குழு கடைநிலை எய்தியது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு உண்மை தானே விளங்கும்.

2025-ல் மீண்டும் பவன் தமிழ் தலைவாஸ் குழுவிற்கு வந்தார். இம்முறை விலை 59 லட்சத்து 50 ஆயிரமே. அர்ஜுன் தேஷ்வால் என்னும் மற்றொரு சிறந்த வீரரையும் 1 கோடியே 40 லட்சத்து 50 ஆயிரத்திற்கு எடுத்திருந்தனர். விலை குறைவு, துணைநிற்போரும் உளர், பவன் ஒருவரையே நம்பியிருக்கும் நிலை இல்லை. கணக்களவில் இது முன்னதினும் நல்ல ஏற்பாடே. ஆயினும் நாம் மேலே கூறிய மூன்றாம் ஐயம் ஈண்டு முளைத்தது. பருவந் தொடங்கிச் சில ஆட்டங்களுக்குள், செப்டம்பர் மாதத்தில், ஒழுங்கு பற்றிய காரணங் கூறி அவரை அப்பருவத்தினின்றும் குழுவினர் விலக்கினர். தாம் ஒழுங்கு தவறவில்லையென்று அவர் வெளிப்படையாக மறுத்தார். யார்பால் உண்மை என்று தீர்ப்பளிப்பது நமக்குரியதன்று. விளைவு மட்டும் வெளிப்படை. தலைவராக நியமிக்கப்பெற்றவர் இடையிற் பிரிந்தார். அப்பருவத்தில் முதல் எட்டிடங்களுள் ஒன்றையும் அக்குழு எய்தவில்லை. உடலின் இடருக்கு மாற்றாள் வைத்தல் கூடும். மனங்கள் பொருந்தாமையாகிய இடருக்கு மாற்றாள் மட்டும் போதாது. வருமுன்னரே, 'நீவிர் யாது எதிர்பார்க்கின்றீர்? யாம் யாது எதிர்பார்க்கின்றோம்?' என்று இருபாலாரும் எதிரெதிர் அமர்ந்து பேசித் தெளிதலே அதற்கு மருந்து.

இனி, முதுமையே குற்றமெனக் கருதுவார்க்கு ஒரு தமிழர் விடையாக நிற்கின்றார். தஞ்சை மாவட்டத்தவரான தருமராஜ் சேரலாதன் 1975-ஆம் ஆண்டிற் பிறந்தவர். 2016-ல் பாட்னா குழுவிற்குத் தலைவராக நின்று நான்காம் பருவக் கோப்பையை வென்றபோது அவர்க்கு வயது நாற்பத்தொன்று. அவ்வாண்டு உலகக் கோப்பை வென்ற இந்தியக் குழுவிலும் அவர் இருந்தார். அதன் பின்னரும் இந்த லீகில் ஆடினார். இஃது எங்ஙனம் இயன்றது? அவர் பிடிப்பவர்; களத்தின் மூலையில் நிற்பவர். பாடிச் செல்வார்க்கு முழங்காலின் துள்ளலும் நொடியிற் திரும்பும் விரைவும் இன்றியமையாதன. இவை வயதோடு குறைவன. மூலையில் நிற்பார்க்கோ, எதிரியின் தோளசைவு கண்டு அவன் செல்லுந் திசையை முன்னறிதலும், பாயவேண்டிய கணத்திற்குக் காத்திருத்தலும் வேண்டும்; இவை வயதோடு வளர்வன. அன்றியும், அப்பாட்னா குழுவிற் பாடிச் செல்வதில் முன்னின்ற பர்தீப் நர்வாலுக்கு அப்போது வயது பத்தொன்பதே. நாற்பத்தொன்று மூலையைக் காத்தது. பத்தொன்பது எதிர்க்களத்திற் புகுந்தது. முதுமைக்கு ஏற்ற இடத்தில் முதுமையும் இளமைக்கு ஏற்ற இடத்தில் இளமையும் நின்றமையால் வெற்றி கிட்டிற்று.

கூடைப்பந்தின் வரலாற்றிலும் இதே முறை விளங்குகின்றது. 2018-ல் கனடா நாட்டு டொராண்டோ ராப்டர்ஸ் குழுவினர், ஒன்பது பருவம் தமக்கு ஆடிய டெமார் டெரோசானை ஈந்து, கவாய் லெனார்டு என்பாரைப் பெற்றனர். லெனார்டு முந்திய பருவத்தில் தொடைக் காயத்தால் ஒன்பது ஆட்டமே ஆடியவர். ஓராண்டிற்குப் பின் குழுவை விட்டு நீங்கவும் உரிமையுடையவர். இடர் இதனினும் மிகுமோ? ஆனால் அக்குழுவினர் அவ்விடரை மறைக்கவில்லை, அதற்கேற்பத் திட்டமிட்டனர். 82 ஆட்டங்களுள் 22-ல் அவர்க்கு ஓய்வளித்தனர். அவர் ஆடாத அவ்விருபத்திரண்டனுள் 17-ல் வென்றனர். 2019-ல் வாகை அவர்க்காயிற்று. லெனார்டு அடுத்த மாதமே வேறு குழுவிற்குச் சென்றார். ஆயினும் யாரும் வருந்தவில்லை. இதற்கு மாறாக, 2023-ல் பீனிக்ஸ் குழுவினர் முப்பத்துநான்கு வயதினரான கெவின் டியூரன்றைப் பெறுதற்கு இரண்டு இளவீரரையும், வருமாண்டுகளிற் புதிய வீரரை முதற்சுற்றிலே தேர்ந்துகொள்ளும் உரிமைகள் நான்கையும் கொடுத்துவிட்டனர். டியூரன்று நன்றாகவே ஆடினார். ஆனால் அவரைச் சூழ நிற்றற்குரியார் குறைந்தனர். 2025-ல் அக்குழு இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதியும் பெறவில்லை. டியூரன்றும் ஹியூஸ்டன் குழுவிற்குச் சென்றார். முதலவர் இடரை ஏற்றனர், தூண்களை விடவில்லை. பின்னவர் கூரையை வாங்கத் தூண்களை விற்றனர்.

'பெயர்பெற்ற வீரர் வந்தால் மக்கள் திரள்வர், இளைஞர் அவரிடங் கற்பர், இவை இலாபமல்லவோ?' என்பர் சிலர். மெய்யே. ஆயினும் கற்றல் நிகழவேண்டுமாயின் கற்பார்க்கும் களத்தில் இடம் வேண்டும். முதுவீரர் ஆடுவதைப் பாய் விளிம்பில் அமர்ந்து பார்த்தே பருவம் முழுதும் கழிக்கும் இளைஞன் கைதட்டக் கற்பானேயன்றிப் பாடிச் செல்லக் கற்பானல்லன். ஆகவே முதுவீரரை ஏற்பின், அவரோடு களத்தில் நிற்கும் இளைஞன் யாவன் என்பதையும் உடன் வரையறுத்தல் வேண்டும்.

இதுகாறும் கண்டவற்றால் நான்கு வினாக்கள் பெறப்படுகின்றன. முதலாவது, நம் குழுவிற் குறையாயுள்ள இடம் யாது? அவர் அவ்விடத்திற்கு உரியரோ? இரண்டாவது, அவர்பால் உள்ள ஐயம் உடலைப் பற்றியதோ, வயதைப் பற்றியதோ, இயைபைப் பற்றியதோ? அதற்குரிய பரிகாரம் நம்மிடம் உண்டோ? மூன்றாவது, அவர்பொருட்டு நாம் கொடுப்பது யாது? பணத்தை மட்டுமன்றி, இடமிழக்கும் இளைஞரையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். நான்காவது, அவர் முதல் ஆட்டத்திலேயே வீழ்வாராயின் நம் நிலை யாது? இந்நான்காவதற்கு, 'வருந்துவோம்; ஆயினும் நிற்போம்' என்று விடைகூற வல்ல குழு அவரை ஏற்கலாம். 'அவரின்றி யாம் இல்லை' என்று கூறும் குழுவுக்கே அவர் மிகவுந் தேவையானவர் போலத் தோன்றுவர். அக்குழுவே அவரை ஏற்கத் தகாதது.

திருவள்ளுவனார் பொருட்பாலில் அதிகாரங்களை அமைத்துள்ள முறையும் இதற்கு இயைந்தே நிற்கின்றது. தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன முன் நிற்க, அவற்றின் பின்னரே தெரிந்து தெளிதலும் தெரிந்து வினையாடலும் வருகின்றன. தன் வலியையும் காலத்தையும் இடத்தையும் அறிந்த பின்னரே பிறனொருவனை ஆராய்ந்து வினைக்கண் விடுதல் முறை என்பது இவ்வைப்பு முறையாற் போதருகின்றது. கோபுரங் கட்டத் தொடங்குவோன் முன்னதாகச் செலவைக் கணக்கிடாவிடின் காண்பார் நகைப்பரென்று நம் ஆண்டவர் கூறிய உவமையும் இதனையே வலியுறுத்தும்.

இறுதியாக ஒன்று. முதுவீரர் ஏலப்பொருளல்லர், மனிதர். பெருங்குழுக்களில் மருத்துவர் உளர். காயமுற்றார்க்கு அறுவையும் ஓய்வும் உரிய முறையிற் கிட்டும். ஆலத்தியூர்ப் பக்கத்தில் நிலைமை வேறு. சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரியிலும், சிமெண்டு ஆலையிலும், முந்திரித் தோப்பிலும் உழைத்து வாழும் ஓராட்டக்காரரின் முழங்கால் கெட்டால், கெடுவது ஒரு பந்தயமன்று. அடுத்த ஆறு மாதக் கூலியும், அக்கூலியை நம்பியுள்ள வீடும் ஆம். 'அண்ணே, இந்த ஒரு ஆட்டம் மட்டும்' என்று நாம் வற்புறுத்தி அழைக்கும்போது, அவ்வண்ணன் மறுக்க நாணி வந்து நிற்பது உண்டு. அவர் உடலைப் பற்றிய ஐயத்தை அவர்மேலேயே சுமத்திவிட்டு வெற்றியை மட்டும் நாம் பகிர்ந்துகொள்வது அறமாகாது. காயமுண்டெனின் ஆடவிடாமலிருத்தலும், ஆடிக் காயமுற்றாரெனின் மருத்துவச் செலவைக் குழு ஏற்றலும் அழைத்தோர் கடமை. அக்கடமைக்கு ஆயத்தமில்லாதார்க்கு அவரை அழைக்கும் உரிமையும் இல்லை.

ஆகவே, இடருடைய முதுவீரரை ஏற்றல் தகுமோ என்னும் வினாவிற்கு, 'தகும்' என்றோ, 'தகாது' என்றோ ஒரு சொல்லில் விடையிறுத்தல் இயலாது. தன் காலில் நிற்கும் குழுவிற்கு அவர் அணிகலன். பிறர் தோளில் தொங்கும் குழுவிற்கு அவர் சுமை. நம் கல்லூரிக் குழுக்களின் தலைமை பூணும் மாணவ நண்பர்கள், வீரரைத் தேடிப் புறப்படுமுன் தம் ஆறு தோழரையும் ஒருமுறை நோக்குவாராக. ஆங்கு உறுதி காணின், முதுவீரரை மனமுவந்து வரவேற்று, அவர்க்குரிய இடத்தையும் ஓய்வையும் மதிப்பையும் நல்குவாராக. உறுதி காணாவிடின், இருப்பில் அமர்ந்திருக்கும் இளைஞனைத் தட்டி எழுப்பிப் பாடச் சொல்லுதலே அவ்வாண்டின் கடமையென்று துணிவாராக.